ஆஸ்பத்திரியில் தறி ஓட்டியவர்!

குடும்பத்தில் கல்யாணமாகாத ஒருத்தன். அவனுக்கு ஆபீஸில் நாலு நாள் கேஷுவல் லீவ் மிச்சம். இந்த இரண்டு கிரகமும் ஒரே கட்டத்தில் சேர்ந்தால் அவன் ஜாதகத்தில் ஆஸ்பத்திரி நைட் டியூட்டி நிச்சயம். பகலில் வருகிறவர்களுக்கு ஆப்பிள், ஹார்லிக்ஸ், 'டாக்டர் என்ன சொன்னார்?' என்று கௌரவமான உத்தியோகம். ராத்திரி ஸ்டூலில் உட்கார்ந்து கொசுவோடு குடித்தனம் நடத்துகிறவன் நம்மாள்தான். அவனுக்கு யாரும் எதையும் சொல்லித் தருவதில்லை. பிளாஸ்க்கை எங்கே கழுவுவது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவார்கள்.

இந்த வாரம் அவனுக்காக.

'ஆபரேஷன் சக்ஸஸ்' என்று டாக்டர் சிரித்துவிட்டுப் போன பிறகுதான் வயசானவர்களுக்கு இன்னொரு கண்டம் இருக்கிறது. பெரும்பாலும் முதல் மூன்று நாளுக்குள் வரும். ராத்திரியில் முற்றும். அந்த நேரத்தில் பக்கத்தில் இருப்பது சர்ஜன் இல்லை சார், நீங்கள்.

2019-ல் ஆரணியில் என் பெரியப்பா தறிக்குழி விளிம்பில் கால் இடறி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். வயசு 74. ஆரணி என்றால் சிலருக்கு அரிசி மூட்டை ஞாபகம் வரும், கல்யாண வீட்டுக்காரர்களுக்குப் பட்டுப்புடவை. பெரியப்பா புடவைக் கட்சி. 12 வயசில் தறியில் உட்கார்ந்தவர், சாப்பிடவும் ஓட்டுப் போடவும் மட்டும் எழுந்திருப்பார். ஜக்கார்டு அட்டையில் எங்கே தப்பு என்று தறிச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார் என்று தெருவில் பேச்சு. பெரியம்மா இதை ஒப்புக்கொள்வதில்லை. "தறி பேசினா கேக்கும். நான் பேசினா மட்டும் காது மந்தம்" என்பாள். இந்தக் காது விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறது.

வெள்ளிக்கிழமை விழுந்தார். சனி அஷ்டமி, ஞாயிறு நவமி என்று ஊரில் ஒரு பெரியவர் காலண்டரைக் கிழித்துக் காட்ட, வேலூர்ப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் (பேர் வேண்டாம்) திங்கள்கிழமை ஆபரேஷன். செவ்வாய் பகலெல்லாம் நன்றாக இருந்தார். காபி கேட்டார். கொடுத்ததும் குறை சொன்னார். குறை சொன்னால் குணமாகிவிட்டார் என்று அர்த்தம் என எல்லோரும் சந்தோஷமாக ஆரணி பஸ் ஏறிவிட்டார்கள். பெங்களூரிலிருந்து வந்த அண்ணன், அதாவது பெரியப்பா மகன், என் தோளில் தட்டி, "நைட் நீ பாத்துக்கடா, எனக்கு ஒரு கால் இருக்கு" என்று லாட்ஜுக்குப் போய்விட்டான்.

ராத்திரி இரண்டு மணி. "டேய், லைட்டப் போடுடா. பாவு அறுந்து கீது பாரு" என்று குரல்.

எழுந்து பார்த்தால் பெரியப்பா உட்கார்ந்திருக்கிறார். போர்வையிலிருந்து ஒவ்வொரு நூலாகப் பிடித்து, இரண்டு முனையைச் சேர்த்து முறுக்குகிறார். உடையாத கால் மிதியைத் தேடுகிறது. கை, இல்லாத நாடாவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளுகிறது. முதலில் எனக்குச் சிரிப்புதான் வந்தது. அப்புறம் டிரிப்ஸ் டியூபைப் பிடித்து, "இன்னாடா இந்த இழை மட்டும் இவ்ளோ மொத்தமா கீது?" என்று அதையும் முறுக்கி இழுத்தார். ரத்தம். என்னைப் பார்த்து என் அப்பாவின் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, "பார்த்துகினு நிக்கிறியே, பிடிடா" என்றார். அப்பா காலமாகி அப்போது ஆறு வருஷம்.

சிஸ்டர் வந்தார், வார்டுபாய் வந்தார். கட்டிலின் கம்பியோடு இரண்டு கையையும் பாண்டேஜ் துணியால் கட்டினார்கள். ஓர் ஊசி. காலையில் பெரியப்பா மரக்கட்டை மாதிரி கிடந்தார். கூப்பிட்டால் கண்ணைத் திறந்து மூடினார். பார்க்க வந்தவர்கள் "நல்லா தூங்கறார், தூங்கட்டும்" என்றார்கள். காரிடாரில் மாநாடு கூடிற்று. மயக்க மருந்து மூளைக்கு ஏறிவிட்டது என்றார் ஒருவர். காற்று சேஷ்டை, வேப்பிலை அடிக்கலாம் என்றார் இன்னொருவர். கூகிளில் பார்த்துவிட்டு வந்த அண்ணன், "டிமென்ஷியா, இனிமே இப்படித்தான்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

மூன்றும் தப்பு.

சாயங்காலம் ஒரு பெண் டாக்டர் வந்தார். எலும்பு டாக்டர் இல்லை, பொது மருத்துவம். பெரியப்பாவின் காது அருகே குனிந்து, வயசென்ன, பிறந்த தேதி என்ன, இது எந்த இடம், என்ன வருஷம் என்று கேட்டார். பிறந்த தேதியை மட்டும் நான் ஆட்சேபித்தேன். அந்தத் தலைமுறைக்குப் பிறந்த தேதி என்பது பள்ளிக்கூட வாத்தியார் தன் வசதிக்குப் போட்டுக்கொண்டது! டாக்டர் சிரித்துவிட்டு, "சரி, பங்குனியிலேர்ந்து மாசத்தைப் பின்னாடி சொல்லுங்க பார்ப்போம்" என்றார். பெரியப்பா "பங்குனி... மாசி..." என்றார். கொஞ்ச நேரம் மேலே மின்விசிறியைப் பார்த்தார். "சித்திரை" என்றார். அப்புறம் கேள்வியே மறந்துபோயிற்று. முந்தின வாரம்வரை ஒரு புடவைக்கு எத்தனை இழை, எத்தனை கூலி என்று வாயாலேயே கணக்குப் போட்ட மனுஷன்.

"இது டெலிரியம்" என்றார் டாக்டர்.

இங்கிலீஷ் வார்த்தையைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். நம் பாட்டிகள் ஜன்னி என்று சொன்னதில் பாதி இதுதான். அந்த லத்தீன் வார்த்தைக்கு மூலம் இன்னும் சுவாரஸ்யம். 'லிரா' என்றால் ஏர் உழுத சால். சாலை விட்டு விலகிப் போவதுதான் டெலிரியம். மாடு அதேதான், ஏரும் அதேதான், சால் மட்டும் விலகிவிட்டது. போர்வையில் நூல் பொறுக்குவதும் புதிதில்லை. ஹிப்பாகிரட்டஸ் காலத்து கிரேக்க வைத்தியர்கள் 2,400 வருஷத்துக்கு முன்னாலேயே, காற்றில் எதையோ துழாவுவது, துணியில் இழை பறிப்பது இரண்டையும் கெட்ட அறிகுறி என்று எழுதி வைத்திருக்கிறார்கள். பாடுபட்டு உழைத்த கை, புத்தி சால் விலகினாலும் தன் தொழிலைத்தான் செய்யும். தையல்காரர் ஊசி கோப்பார், டிரைவர் கியர் மாற்றுவார். ஆபீஸ்காரர்கள் நாம் என்ன செய்வோம் என்று யோசித்தேன். பைலைப் பக்கத்து டேபிளுக்குத் தள்ளிவிடுவோம்.

டிமென்ஷியா வருஷக்கணக்கில் மெதுவாக வருவது. டெலிரியம் சில மணி நேரத்தில், ஓரிரு நாளில் வந்து நிற்கும். காலையில் தெளிவு, சாயங்காலம் குழப்பம், ராத்திரி ரகளை என்று ஏறி இறங்கும். முக்கியமாகக் கவனம் ஒரு இடத்தில் நிற்காது. மாசத்தைப் பின்னாலிருந்து சொல்லச் சொன்னது அதற்குத்தான். எடின்பரோவில் உருவான ஒரு பரீட்சை அது, மொத்தம் இரண்டு நிமிஷம்கூட ஆகாது.

இதில் இரண்டு ஜாதி உண்டு. கத்துகிற ஜாதியை எல்லோரும் கவனிப்பார்கள். சும்மா கிடக்கிற ஜாதிதான் ஆபத்து. 'பாவம், தூங்கறார்' என்று விட்டுவிடுவோம். சாப்பாடு போகாது, புரண்டு படுக்கமாட்டார், நுரையீரலில் சளி கட்டும். கத்துகிறவரைவிட இந்த அமைதியானவருக்குத்தான் டாக்டர்கள் அதிகம் கவலைப்படுகிறார்கள்.

ஏன் வருகிறது? பழைய பாவு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். புதுப் பாவில் யாராவது தடுக்கி விழுந்தாலும் தாங்கும். பழசில் இழைகள் ஏற்கெனவே தேய்ந்திருக்கும், லேசாக இழுத்தாலே அறும். 70 வயசு மூளையும் அப்படித்தான். அதன்மேல் ஆபரேஷனால் உடம்பு முழுக்க எழும்பும் அழற்சி, வலி, தூக்கமின்மை, தண்ணீர் வற்றிப்போவது, ரத்தத்தில் உப்பு குறைவது, மூத்திரக் கிருமி, மலச்சிக்கல், சில மாத்திரைகள் என்று ஆளாளுக்கு ஒரு இழு இழுக்கிறார்கள். ஒரே காரணம் என்பது அபூர்வம்.

பெரியப்பாவுக்கு அந்தப் பெண் டாக்டர் என்ன செய்தார் தெரியுமா? முதலில் கைக்கட்டை அவிழ்த்தார். கட்டினால் மிரட்சிதான் ஏறும் என்றார். மூத்திர டியூபை எடுக்கச் சொன்னார். "வெளிக்கிப் போய் எத்தனை நாளாச்சு?" என்றார். ஒருத்தருக்கும் தெரியவில்லை. விழுந்த நாளிலிருந்து போகவில்லை என்று அப்புறம் தெரிந்தது, ஐந்து நாள்! சோடியம் குறைந்திருந்தது, அதைச் சரிபண்ணினார். மருந்துச் சீட்டில் இரண்டு அயிட்டத்தை அடித்தார். கடைசியில் "கண்ணாடி எங்கே?" என்றார்.

கண்ணாடி ஆரணியில், பீரோவுக்குள். ஆஸ்பத்திரியில் உடைந்துவிடும் என்று பெரியம்மா பத்திரப்படுத்தியிருந்தாள். பல் செட்டும் அங்கேதான். ஆக மனுஷனுக்கு மூன்று நாளாக எதிரில் நிற்பது யாரென்று சரியாகத் தெரியவில்லை, பேசுவது காதில் விழவில்லை, கொடுத்ததை மெல்ல முடியவில்லை. ஜன்னல் இல்லாத அறை, 24 மணி நேரமும் டியூப் லைட். அவர் தறிக்குப் போகாமல் வேறெங்கே போவார்?

ஐந்தாவது நாள் காலையில் என்னைப் பார்த்து, "நீ எப்படா வந்தே?" என்றார்.

கண்ணைக் கட்டினால் புத்தி கலங்கும் என்பது மருத்துவத்துக்குப் பழைய பாடம். 1958-ல் பாஸ்டனில் இரண்டு மனநல டாக்டர்கள் ஒரு கட்டுரை எழுதினார்கள். கண் ஆபரேஷன் முடிந்து கண்ணைக் கட்டிப் படுக்கவைத்த பேஷண்டுகளுக்குப் பிதற்றல் வருவதைப் பார்த்து, அதற்குக் கறுப்புத் துணி ஜன்னி என்கிற பொருளில் பேர் வைத்தார்கள். அவர்கள் கண்டுபிடித்த வைத்தியத்தில் முக்கியமானது என்ன? பேச்சு. ஒரே டாக்டர் திரும்பத் திரும்ப வந்து உட்கார்ந்து, இன்னார், இன்ன இடம், இன்னது நடக்கிறது என்று பேசி நம்பிக்கை உண்டாக்குவது. நம் ஊரிலும் அந்தக் காலத்தில் கண் புரை எடுத்தால் தலையை அசைக்காமல் நாள்கணக்கில் படுத்திருக்க வேண்டும். டாக்டர் வெங்கடசாமி 1976-ல் மதுரையில் ஆரம்பித்த அரவிந்த் கண் ஆஸ்பத்திரி மாதிரி இடங்களில் இன்றைக்குக் கண் ஆபரேஷன் நடக்கிற வேகம் வேறு. 2023-ல் பெரியப்பாவுக்கே ஒரு கண்ணில் புரை எடுத்தார்கள். மரத்துப்போக மருந்து, கொஞ்ச நேரம் ஆபரேஷன், மற்றக் கண் திறந்தபடி. அன்றைக்கே வீடு. காபியைக் குறை சொன்னதோடு சரி.

மயக்க மருந்து விஷயத்துக்கு வருகிறேன். 'முதுகுல ஊசி போட்டா மூளைக்கு ஒண்ணும் ஆகாது, முழு மயக்கம் கொடுத்தாத்தான் போச்சு' என்று டீக்கடையில் ஒரு சித்தாந்தம் இருக்கிறது. இதை அமெரிக்காவிலும் கனடாவிலும் 1,600 பேரை வைத்துப் பரிசோதித்து 2021-ல் முடிவு சொன்னார்கள். எல்லோரும் பெரியப்பா மாதிரி இடுப்பெலும்பு உடைந்தவர்கள். பாதிப் பேருக்கு முதுகில் ஊசி, பாதிப் பேருக்கு முழு மயக்கம். டெலிரியம் வந்தது இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட 100-க்கு 20 பேருக்கு. வித்தியாசமே இல்லை. ஆகவே எந்த ஊசி என்று மயக்க மருந்து டாக்டரோடு மல்லுக்கு நிற்காதீர்கள், அதை அவர் தீர்மானிக்கட்டும். மல்லுக்கு நிற்க வேறு விஷயம் இருக்கிறது.

அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷாரன் இனோய் என்ற பெண் டாக்டர் 1999-ல் ஒரு முடிவை வெளியிட்டார். 70 வயசைத் தாண்டிய 852 பேஷண்டுகள். ஆபரேஷன் கேஸ் இல்லை, பொது வார்டு கேஸ்கள். பாதிப் பேருக்கு வழக்கமான வைத்தியம். மற்றவர்களுக்கு அதோடு கூடச் செய்தது இவ்வளவுதான்: தேதியும், அன்றைக்கு யார் டாக்டர், என்ன நடக்கப் போகிறது என்பதும் எழுதின ஒரு போர்டு. நாளைக்கு மூன்று தடவை பேச்சுக்கொடுப்பது, மூன்று தடவை நடக்கவைப்பது. கண்ணாடி. காதில் அழுக்கு இருந்தால் எடுப்பது. தண்ணீர் குடிக்கவைப்பது. ராத்திரி தூக்க மாத்திரைக்குப் பதில் வெதுவெதுப்பாகப் பால், மெல்லிய பாட்டு, முதுகைத் தடவிவிடுவது. மாத்திரை பொடிக்கிற சத்தம்கூடக் கேட்காமல் பார்த்துக்கொண்டார்கள்! வழக்கமான வைத்தியத்தில் 100-க்கு 15 பேருக்கு வந்த டெலிரியம் இவர்களில் 10 பேருக்குத்தான் வந்தது. மூன்றில் ஒரு பங்கு மிச்சம். இதைச் செய்தவர்களில் பெரும்பங்கு, பயிற்சி கொடுத்துக் கூட்டிவந்த தொண்டர்கள்.

ஆபரேஷன் கேஸ் வேண்டுமா? தைவானில் 2017-ல் வெளிவந்த ஆராய்ச்சி. வயிற்றில் பெரிய ஆபரேஷன் ஆன 65 வயசுக்கு மேற்பட்ட 377 பேர். நர்ஸ் தினமும் வந்து மூன்றே வேலை செய்தார். பேசி நினைவை நிலைப்படுத்துவது, வாயைச் சுத்தம் பண்ணிச் சாப்பிடவைப்பது, சீக்கிரம் எழுப்பி நடக்கவிடுவது. டெலிரியம் 100-க்கு 15-லிருந்து 7-க்கும் கீழே இறங்கிற்று. வீட்டுக்கும் இரண்டு நாள் முன்னால் போனார்கள்.

பாலும், பேச்சும், முதுகைத் தடவுவதும்! அமெரிக்காக்காரன் திட்டம் போட்டு, ஆள் பிடித்து, பயிற்சி கொடுத்துச் செய்ய வேண்டியிருந்ததற்கு நம் ஆஸ்பத்திரிகளில் ஒவ்வொரு கட்டிலுக்குக் கீழேயும் பாயைப் போட்டு ஓர் ஆள் இலவசமாகப் படுத்திருக்கிறான். அவன் கையில் ஒரு போன், அதில் கிரிக்கெட். சரியாகப் பயன்படுத்தினால் உலகத்திலேயே பெரிய முதியோர் பாதுகாப்புப் படை நம்முடையது. பிரச்னை, யாரும் அவனுக்குச் சொல்லவில்லை.

சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆபரேஷனுக்கு முன்னால்: வீட்டிலிருக்கிற மாத்திரை எல்லாவற்றையும் ஒரு மஞ்சப்பையில் போட்டு டாக்டர் முன்னால் கொட்டுங்கள். மக்களைத் தேடி மருத்துவத்தில் வந்தது, மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கினது, மூத்த மகள் கொடுத்தனுப்பியது, எல்லாம். தூக்க மாத்திரையும், ஜலதோஷத்துக்கும் அரிப்புக்கும் கொடுக்கிற தூக்கம் வரவைக்கும் பழைய மாத்திரைகளும் வயசான மூளைக்கு ஆகாது. ஆனால் வருஷக்கணக்கில் சாப்பிட்ட தூக்க மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அதுவும் ஆபத்து. டாக்டர் பார்த்துச் சொல்லட்டும்.

பட்டினி விஷயம். 'ராத்திரி பத்து மணிக்கு மேல பச்சைத் தண்ணி கூடாது' என்பார்கள். ஆபரேஷன் காலை எட்டு மணி என்று சொல்லி மத்தியானம் மூன்றுக்கு எடுப்பார்கள். பெரியவர் காய்ந்த கருவாடாகிவிடுவார். பெரும்பாலானவர்களுக்கு ஆபரேஷனுக்கு இரண்டு மணி நேரம் முன்புவரை வெறும் தண்ணீர் கொடுக்கலாம் என்பதுதான் இன்றைய மயக்க மருந்து விதி. வயிற்றுக்கோளாறு மாதிரி சிலருக்கு இது பொருந்தாது. அதனால் கேட்டுவிட்டுக் கொடுங்கள். ஆனால் கேளுங்கள்! நான் மல்லுக்கு நிற்கச் சொன்னது இதற்குத்தான். இடுப்பெலும்பு உடைந்தால் ஓரிரு நாளுக்குள் ஆபரேஷன் நடப்பதே நல்லது என்பதையும் காலண்டர் கிழிக்கிற பெரியவரிடம் சொல்லுங்கள். உடைந்த எலும்போடு படுத்திருக்கும் வலியே புத்தியைக் கலக்கும்.

அடுத்தது கொஞ்சம் சங்கடமானது. பெரியப்பாவுக்குப் பக்கத்துக் கட்டிலில் 60 தாண்டிய ஒருத்தர், குடலிறக்க ஆபரேஷன். 'குடிப்பழக்கம் உண்டா?' என்று கேட்டபோது மனைவி, மகன், மருமகள் மூன்று பேரும் ஒரே குரலில் "சேச்சே!" என்றார்கள். மூன்றாவது நாள் அவருக்கு உடம்பெல்லாம் நடுங்கிற்று, வேர்வை கொட்டிற்று, சுவரில் எறும்பு ஊர்கிறது என்று அடித்தார். அப்புறம்தான் மகன் டாக்டரைத் தனியே தள்ளிக்கொண்டு போய், 30 வருஷமாக தினமும் ஒரு குவார்ட்டர் என்றான். திடீரென்று நின்றுபோனதால் வரும் ஜன்னி இது. வைத்தியமே வேறு, விட்டால் உயிருக்கே ஆபத்து. முன்கூட்டியே தெரிந்தால் மருந்து கொடுத்துத் தடுத்திருக்கலாம். டாஸ்மாக் விஷயத்தில் குடும்ப கௌரவத்தை வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போங்கள். பொடி, புகையிலை எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள்.

ஆபரேஷன் முடிந்து: கண் திறந்ததும் கண்ணாடி, காது மிஷின், பல் செட். இந்த வரிசையில். ஒரு பழைய காலண்டர், ஒரு கடிகாரம், கண்ணுக்குத் தெரிகிற இடத்தில். 'இது வேலூர், இன்னிக்கு புதன், கால் ஆபரேஷன் நல்லா முடிஞ்சுது, நான் உங்க தம்பி மகன்' என்று ஒவ்வொரு தடவையும் சொல்லுங்கள். சலிக்காமல். பகலில் ஜன்னலைத் திறங்கள், ராத்திரி லைட்டை அணைக்கச் சொல்லுங்கள், போனை மௌனமாக்குங்கள். தறி ஓட்டினால் 'இங்க எங்க தறி இருக்கு, புத்தி கெட்டுப்போச்சா?' என்று வாதம் பண்ணாதீர்கள். ஆமாம் என்று கூடச் சேர்ந்து நாடாவும் தள்ளாதீர்கள். 'பாவு எல்லாம் காலையில பார்த்துக்கலாம் பெரியப்பா, நான் இருக்கேன், படுங்க' என்றால் போதும். கையைப் பிடித்துக்கொண்டால் இன்னும் நல்லது.

பேச விஷயம் இல்லையா? எம்.ஜி.ஆரா, சிவாஜியா என்று ஒரு வார்த்தை எடுத்துக் கொடுங்கள். ஒரு மணி நேரத்துக்குக் கவலையில்லை, மூளைக்கு அதைவிட நல்ல எக்சர்சைஸ் கிடையாது. ஆனால் ஒரே சமயத்தில் பதினைந்து பேர் கட்டிலைச் சுற்றி நின்று ஆளுக்கொன்று பேசுவது வேறு. அது ஜன்னிக்கு விடுகிற வரவேற்பு.

டாக்டர் அனுமதித்த உடனே உட்காரவும் நடக்கவும் வையுங்கள். 'ஆபரேஷன் ஆன உடம்பு, அசையக் கூடாது' என்பது பாட்டி காலத்து விதி. வலி இருந்தால் பொறுத்துக்கொள்ளச் சொல்லாமல் சிஸ்டரிடம் சொல்லுங்கள். மூத்திர டியூப் இன்னும் தேவையா என்று தினமும் ஒரு தடவை கேளுங்கள். வெளிக்கிப் போனாரா என்பதைக் குறித்து வையுங்கள். டிகிரி படித்தவன் செய்கிற வேலையா என்று நினைக்காதீர்கள், பெரியப்பா கேஸில் ஐந்து நாள் அதுதான் யாருக்கும் தெரியவில்லை. ஐ.சி.யு. என்றால் உள்ளே விடமாட்டார்கள். காலை பத்து நிமிஷம், சாயங்காலம் பத்து நிமிஷமாவது தெரிந்த முகம் ஒன்று வர அனுமதி கேளுங்கள். நயமாகக் கேட்டால் பல இடங்களில் விடுகிறார்கள். மேனேஜரிடம் லீவு கேட்கும்போது ஆபரேஷன் தேதிக்கு மட்டும் கேட்காதீர்கள். அன்றைக்குக் கவனிக்க ஆயிரம் பேர். உங்களுக்கு வேலை அடுத்த மூன்று ராத்திரி.

திடீரென்று ஆள் மாறினால், பிதற்றினாலும் சரி, ஒரேயடியாக மௌனமானாலும் சரி, காலை ரவுண்டுக்குக் காத்திராமல் டியூட்டி டாக்டரை எழுப்புங்கள். 'வயசானா அப்படித்தான்' என்று பதில் வந்தால், 'நேத்துவரைக்கும் இப்படி இல்லை சார்' என்று சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியத்துக்குப் பெரிய மதிப்பு உண்டு. நேற்று எப்படி இருந்தார் என்பது ஆஸ்பத்திரியில் யாருக்கும் தெரியாது, உங்களைத் தவிர.

இவ்வளவு எதற்கு, ஐந்தாவது நாள் தெளிந்துவிட்டாரே என்று கேட்பீர்கள். வீட்டுக்கு வந்து மூன்று மாசம் கழித்தும் பெரியப்பா கூலிக் கணக்கில் தடுமாறினார். முன்னெல்லாம் கரை, உடல், முந்தானை என்று மூன்று கணக்கை ஒரே சமயத்தில் மனசில் ஓட்டுவார். இப்போது விரல் விட்டு எண்ணி, பாதியில் விட்டுவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று சுற்றிலும் பார்ப்பார். கால் கூடிய பிறகு தறியில் உட்கார்ந்தார். வெறும் உடல் நெய்தார். டிசைன் புடவை மட்டும் திரும்ப அவர் கைக்கு வரவில்லை. கூலியில் அது பெரிய பள்ளம்.

1998-ல் வந்த ஒரு பெரிய ஆராய்ச்சியில், 60 வயசுக்கு மேல் பெரிய ஆபரேஷன் ஆன 1,218 பேரின் நினைவையும் கவனத்தையும் அளந்தார்கள். ஒரு வாரம் கழித்து நாலில் ஒருத்தருக்குப் புத்தி முன்னைவிட மந்தம். மூன்று மாசம் கழித்தும் பத்தில் ஒருத்தருக்கு அது தீரவில்லை. நாளாக ஆகப் பலர் தேறுகிறார்கள். டெலிரியம் வந்தவர்களுக்கு ஞாபகம் தேய்கிற ஆபத்து கூடுதல் என்பதும் பல ஆராய்ச்சிகளில் தெரிந்த விஷயம். ஆகவே டிஸ்சார்ஜ் ஆன கையோடு பெரியவர்களை பேங்க்குக்கும் ரிஜிஸ்தர் ஆபீஸுக்கும் கூட்டிப்போய்க் கையெழுத்து வாங்குகிற புத்திசாலித்தனம் வேண்டாம். சில மாசம் பொறுக்கட்டும். சீட்டாட்டம், தாயம், பேரனுக்குக் கணக்கு சொல்லிக்கொடுப்பது, தினம் சாயங்காலம் தெருமுனைவரை நடை, இதெல்லாம் நடக்கட்டும். மூன்று மாசத்துக்கு மேலும் தடுமாற்றம் இருந்தால் காட்ட டாக்டர் உண்டு. முதியோர் வைத்தியம் என்ற தனிப் பிரிவை இந்தியாவிலேயே முன்னோடியாக 1978-ல் சென்னை ஜி.ஹெச்.சில் ஆரம்பித்தவர் டாக்டர் வி.எஸ். நடராஜன். 2024-ல் கிண்டியில் 200 படுக்கையோடு தேசிய முதியோர் நல மருத்துவமனை திறந்திருக்கிறார்கள். ஆரணிக்காரர்களுக்கு வேலூர் சி.எம்.சி.யிலும் முதியோர் பிரிவு உண்டு.

இன்னும் ஒன்று. பெரியப்பாவின் டிஸ்சார்ஜ் சம்மரியில் பிளேட்டின் நீளம், ஸ்க்ரூ எத்தனை, தையல் எத்தனை எல்லாம் இருந்தது. நாலு நாள் ஜன்னி கண்டு கிடந்தது பற்றி ஓர் எழுத்து இல்லை. ஒரு தடவை வந்தவருக்கு அடுத்த ஆபரேஷனில் திரும்ப வரச் சாத்தியம் அதிகம் என்பதால் அடுத்த டாக்டருக்கு முதலில் தெரியவேண்டியதே அதுதான். அண்ணன் திரும்பப் போய், எத்தனை நாள், என்ன மருந்தில் தெளிந்தது என்பதோடு எழுதி வாங்கி வந்தான். லாமினேட் பண்ணி, பீரோவில் அந்தக் கண்ணாடி இருந்த இடத்தில் வைத்திருக்கிறார்கள். நீங்களும் பில் கட்டி, ரசீது வாங்கி, ஆட்டோ கூப்பிடுவதற்கு முன்னால் அந்த ஒரு வரியைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.